ஆரேயில் இருட்டிய பிறகு

தாராவியில் மெட்ரோ ஏறினால் ஆரே கடைசி நிறுத்தம். கஃப் பரேடிலிருந்து 33.5 கிலோமீட்டர் ஓடும் மும்பை மெட்ரோவின் இந்த மூன்றாம் தடத்தில் சுரங்கத்துக்கு வெளியே, தரைமட்டத்தில் இருக்கிற நிலையம் அது ஒன்றுதான். சீப்ஸ் நிலையம் தாண்டியதும் சுரங்கம் முடிந்து ஜன்னலில் வெளிச்சமும் பச்சையும் வருகின்றன. வண்டியில் யாரும் மொபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர்களுக்குத் தினம் பார்க்கிற பச்சை.

இந்த ரயில்கள் இரவில் ஒதுங்குகிற பணிமனையும் அந்தப் பச்சைக்குள்தான் இருக்கிறது. 2019 அக்டோபர் 4ஆம் தேதி இரவு மரம் வெட்டத் தொடங்கினார்கள். 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது இரண்டாயிரத்துக்கு மேல் சாய்ந்திருந்தன. பிறகு வந்த ஓர் அரசு, பணிமனையைக் கஞ்சூர்மார்க்குக்குக் கொண்டுபோனது. 2022இல் வந்த அடுத்த அரசு மறுபடி இங்கேயே கொண்டுவந்தது. அந்த வழக்கில் மரங்களின் பக்கம்தான் என் மனசு இருந்தது. ஆனால் தாராவியிலிருந்து பஸ்ஸும் லோக்கலும் ஆட்டோவும் மாறி மாறி இடிபட்டுக் கோரேகாவ் போன நாட்களும் எனக்குத் தெரியும். ஏசி வண்டியில் உட்கார்ந்துகொண்டு அதைத் திட்ட வாய் வரவில்லை.

நிலையத்துக்கு வெளியே ஒரு மராத்தி இளைஞர் காத்திருந்தார். பிழைப்புக்கு வங்கி வேலை. விடுமுறையில் சிறுத்தை ஆய்வாளர்களோடு காட்டில் கேமரா கட்டப் போகிறவர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தீபாவளி முடிந்த வாரம். மழை விட்டும் புல் காயவில்லை, சாலையின் இரண்டு பக்கமும் இடுப்புக்கு மேல் நின்றது. “இந்தப் புல்லுக்குள்ள ஒண்ணு படுத்திருந்தா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுக்கு மட்டும் நாம ரெண்டு பேரும் தெரிவோம்” என்றார். பயமுறுத்துவதற்காகச் சொன்ன மாதிரி இல்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற தொனி.

ஆரே பால் காலனி 1949இல் தாரா குரோடி முன்னின்று உண்டாக்கியது. பம்பாயின் சந்துகளில் அடைபட்டுக் கிடந்த எருமைகளை நகரத்துக்கு வெளியே கொண்டுவந்து, ஊருக்குக் கலப்படமில்லாத பால் கொடுக்க வேண்டும் என்பது திட்டம். சுமார் 1,287 ஹெக்டேர். தபேலா என்று இங்கே சொல்லும் எருமைத் தொழுவங்களுக்கு யூனிட் என்று எண் கொடுத்திருக்கிறார்கள். இன்றும் ஆரேயில் முகவரி கேட்டால் யூனிட் எண்ணைத்தான் சொல்வார்கள். எருமைகள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே வார்லிகளும் மற்றப் பழங்குடிகளும் இருந்தார்கள். அவர்களுடைய 27 பாடாக்கள், அதாவது சிற்றூர்கள், காலனிக்குள் சிதறிக் கிடக்கின்றன. எருமைகளுக்குப் பிறகு திரைப்பட நகரம் வந்தது, குடிசைகள் வந்தன, நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடிகளும் வந்தன. வடக்கே வேலியில்லாமல் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் காடு, உள்ளே மும்பைக்குத் தண்ணீர் கொடுக்கும் துளசி, விஹார் ஏரிகள். பூங்கா எங்கே முடிகிறது, காலனி எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கிற சங்கதி. சிறுத்தைக்கு வரைபடம் கிடையாது.

எத்தனை சிறுத்தை? 2015இல் ஆய்வாளர் நிகித் சுர்வே கேமரா வைத்துக் கணக்கெடுத்தபோது 35. 2018இல் 47. 2024 கணக்கில் 54. 2018 கணக்குப்படி நூறு சதுர கிலோமீட்டருக்கு 26 சிறுத்தைகள். உலகத்தில் சிறுத்தைகள் இவ்வளவு நெருக்கமாக வாழும் இடங்கள் மிகவும் குறைவு. மனிதர்கள் இவ்வளவு நெருக்கமாக வாழும் இடங்களும் அப்படித்தான். இரண்டு நெருக்கமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கிற ஓரத்தில் நடந்துகொண்டிருந்தோம்.

ஒரு மரத்தடியில் நின்று பட்டையில் ஒரு தடத்தைக் காட்டினார். முழங்காலுக்குச் சற்று மேலே, இரண்டு விரல் அகலத்தில் தேய்ந்திருந்தது. கேமராவைக் கட்டிய வார் பதிந்த தடம். பாதையின் எதிர்ப்பக்கத்து மரத்திலும் அதே உயரத்தில் ஒன்று. சூடுள்ள உடம்பு குறுக்கே அசைந்தால் இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் படம் பிடிக்கும். சிறுத்தையின் இடது விலாப் புள்ளிகளும் வலது விலாப் புள்ளிகளும் ஒன்றுபோல இருக்காது என்பதால் இரண்டு பக்கமும் வேண்டும். நம் கைரேகை மாதிரி அந்தப் புள்ளிகள், ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. கேமராவைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்களாம். “சிறுத்தை ஒண்ணும் பண்ணாது. ஆளுங்கதான் தூக்கிட்டுப் போவாங்க.” அதில் பதியும் படங்களைப் பற்றியும் சொன்னார். ராத்திரி பத்தரைக்குப் பால்காரர் சைக்கிளில் போகிறார், பத்தே முக்காலுக்கு அதே தடத்தில் சிறுத்தை போகிறது, பதினொன்றுக்குக் குடித்துவிட்டு ஒருத்தர் பாடிக்கொண்டு வருகிறார். மூன்று பேருக்கும் மற்றவர் போனது தெரியாது.

வளைவு திரும்பியதும் குப்பை மேடு. பிளாஸ்டிக் பை, தேங்காய் மட்டை, கோழிக் கழிவு, யாரோ கல்யாணத்தில் மிஞ்சிய பிரியாணி. மேலே ஏழெட்டு நாய்கள். இளைஞர் காட்டுக்குள் எதையும் இவ்வளவு அக்கறையோடு காட்டவில்லை. “இதுதான் நம்ம சிறுத்தையோட மளிகைக் கடை” என்றார். குப்பை இருந்தால் நாயும் பன்றியும் பெருகும், நாய் இருக்கிற இடத்துக்குச் சிறுத்தை வரும். பூங்காவுக்குள் புள்ளிமான், கடமான், குரங்கு எல்லாம் இருக்கின்றன, அவற்றையும் தின்கிறது. ஆனால் மானைத் துரத்த வேண்டும். நாய் குப்பையில் தலையை விட்டுக்கொண்டு நிற்கும். 2018இல் ஆய்வாளர்கள் சிலர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பூங்காவின் சிறுத்தைகள் வருஷத்துக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்கின்றன, அதனால் சுற்றுவட்டாரத்தில் ஆயிரம் பேர் அளவில் நாய்க்கடியிலிருந்து தப்புகிறார்கள் என்று. இந்தக் கணக்கு நகரத்து விலங்குப் பிரியர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. நாயைக் கட்டுப்படுத்துவதும் குப்பை அள்ளுவதும் யாருக்கோ சம்பளம் கொடுத்து ஒப்படைத்த வேலை. அதைச் சம்பளமில்லாமல் சிறுத்தை செய்கிறது என்று நாம் கைதட்டினால், சம்பளம் வாங்குகிறவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

சாலை மேட்டில் ஏறினால் தூரத்தில் கோபுரம் கோபுரமாக அடுக்குமாடிகள் தெரிகின்றன. காட்டைப் பார்த்த பால்கனிக்குக் கூடுதல் விலை. அந்த வளாகங்களுக்குள்ளும் சிறுத்தை வருகிறது. காவலாளி தூங்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் நாயைக் கவ்விக்கொண்டு போகிற சிசிடிவி காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றாத மாதமில்லை. திரைப்பட நகரத்தில் 2023 ஜூலையில் ஒரு மராத்தித் தொடரின் படப்பிடிப்பு அரங்குக்குள்ளேயே குட்டியோடு வந்துவிட்டது. இருநூறு பேர் கலைந்து ஓடினார்கள் என்று சேதி. இவையெல்லாம் பார்க்கச் சுவாரசியமான படங்கள். பால்கனியில் இருப்பவர் சிறுத்தையை மேலிருந்து பார்க்கிறார், தரையில் இருப்பவர் நேருக்கு நேர் பார்க்கிறார். இந்த ஏழு எட்டு மாடி உயர வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் ‘சிறுத்தையோடு வாழப் பழகிய மும்பை’ என்று கட்டுரைகள் வருகின்றன.

பழகியது என்பது முழுப் பொய்யும் இல்லை. 2002 முதல் 2004 வரை இந்த ஓரத்தில் மரண ஓலம். 2004 ஜூன் மாதத்தில் மட்டும் பத்துப் பேர் அளவில் செத்தார்கள். அப்போது எல்லோரும் சொன்ன தீர்வு ஒன்றுதான்: பிடி, கூண்டில் போடு, தூரத்தில் கொண்டுபோய் விடு. நிறையப் பிடித்தார்கள். அதே சமயத்தில் வேறு ஊர்களில் பிடித்த சிறுத்தைகளை இந்தப் பூங்காவுக்குள் கொண்டுவந்தும் விட்டார்கள். இதன் விளைவு என்ன என்பதை ஜுன்னர் பகுதியை வைத்து வித்யா ஆத்ரேயாவும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். கரும்புத் தோட்டத்தில் பிடித்த சிறுத்தைகளைக் காட்டில் விட்ட பிறகு, விட்ட இடத்துக்குப் பக்கத்தில் மனிதர்மேல் தாக்குதல் கூடியிருந்தது. இடம் தெரியாத ஊரில் கொண்டுபோய்த் தள்ளிய மிருகம் தன் ஊரைத் தேடி நடக்கிறது. அது விட்டுப்போன இடத்துக்கு, அனுபவமில்லாத இளசு ஒன்று வந்து உட்காருகிறது. பழைய குடித்தனக்காரருக்கு எந்தத் தெருவில் எப்போது ஆள் நடமாட்டம் என்று தெரியும். புதுசுக்குத் தெரியாது.

தன் ஊரைத் தேடி நடந்ததில் பேர் பெற்றது ஆஜோபா. 2009இல் அஹமத்நகர் மாவட்டத்தில் ஒரு கிணற்றில் விழுந்து, மீட்கப்பட்டு, கழுத்தில் பட்டை மாட்டி மால்சேஜ் மலையில் விடப்பட்ட கிழட்டுச் சிறுத்தை. ஆஜோபா என்றால் தாத்தா. ரயில் பாதை, நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை எல்லாம் கடந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து இந்தப் பூங்காவின் வடக்குப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. வழியில் ஒரு மனிதரையும் தொட்டதாகச் செய்தி இல்லை. 2011 டிசம்பரில் மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. ஊர்மிளா மாதோண்ட்கர் நடித்து மராத்தியில் படமே வந்தது.

அதே 2011இல் பூங்கா இயக்குநராக இருந்த சுனில் லிமயே, ஆய்வாளர்களையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ‘மும்பைக்கர்ஸ் ஃபார் எஸ்ஜிஎன்பி’ (எஸ்ஜிஎன்பி என்பது பூங்காவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்) என்ற முயற்சியைத் தொடங்கினார். அவர்கள் சொன்னதில் மந்திரம் ஒன்றுமில்லை. குப்பையை அள்ளுங்கள். இருட்டில் குழந்தையைத் தனியே விடாதீர்கள். புதருக்குள் குந்தி உட்காராதீர்கள், குந்தியிருக்கும் ஆள் சிறுத்தையின் கண்ணுக்குச் சின்ன மிருகம். சிறுத்தையைப் பார்த்தால் கூட்டம் கூடி வளைக்காதீர்கள், தப்பிக்க வழி விடுங்கள். 1926 என்ற வனத்துறை எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மரணங்கள் குறைந்தன. எனக்கு இதில் பிடித்தது, சிறுத்தைக்குப் புத்தி சொல்ல யாரும் முயலவில்லை என்பதுதான்.

பாடாவுக்குள் நுழைந்தபோது நாலரை மணி. சாணி மெழுகிய முற்றம், கோழிக்கூண்டு, அதன் கதவுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி. பந்தலில் பாகற்காய். ஆஜி, அதாவது பாட்டி, ஒருத்தர் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். சிறுத்தை வருமா என்று கேட்டேன். “அது எங்கே போச்சு, வர்றதுக்கு?” என்று திருப்பிக் கேட்டார்.

அவர் அனுப்பிய வழியில் போனால் ஆலமரத்தடியில் வாகோபா. ஓர் ஆள் தொடை உயரத்துக்குக் கல். அதில் செதுக்கிய புலி உருவம், மேலே சூரியனும் சந்திரனும். சிந்தூரம் அப்பி அப்பிப் புலியின் முகம் வழவழப்பாகி, கண் இருந்த குழி மட்டும் தெரிகிறது. முன்னால் தேங்காய் ஓடு, ஒரு ஊதுவத்திக் குச்சி, சேவலின் இரண்டு இறகு. தீபாவளிக்கு முன்வரும் வாக்பாரஸ் நாளில் கொடுத்த பலி. வாகோபா பெரும்பூனைகள் அனைத்துக்கும் சாமி, சிறுத்தையும் அதில் அடக்கம். வருஷத்துக்கு ஒருமுறை அவருக்குரியதைக் கொடுத்துவிட்டால் எங்கள் மாட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வார் என்பது ஒப்பந்தம். ஆய்வாளர்கள் சிலர் மகாராஷ்டிரத்தில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வாகோபா கோயில்களைத் தேடிப் பார்த்து 2021இல் எழுதியிருக்கிறார்கள்.

நம் கொங்குப் பக்கத்தில் புலிக்குத்திக் கல் பார்த்திருக்கிறேன். பட்டியைக் காக்கப் போய், ஈட்டியோடு புலியின்மேல் பாய்ந்து செத்த வீரனுக்கு நட்ட கல். அதில் ஆள் பெரியது, புலி அவன் ஈட்டி நுனியில். இங்கே கல் முழுக்கப் புலி, ஆளே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து எது உயர்ந்த பண்பாடு என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆடு மாடு வைத்துப் பிழைத்த இரண்டு கூட்டம் ஒரே பயத்தை இரண்டு விதமாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆஜியிடம் சாமி காப்பாற்றுகிறாரா என்று கேட்டேன். “சாமியும் காப்பாத்துவார், நாங்களும் கோழிக்கூண்டுக்குக் கம்பி போட்டிருக்கோம்” என்றார்.

ஆஜியின் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். மாலை பஸ்ஸிலிருந்து இறங்கினால் பாடாவுக்கு இருட்டில் நடந்துவர வேண்டும். மற்ற பிள்ளைகளோடு கூட்டமாக வருவார்கள், மொபைலில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு. எந்தப் பாட்டு என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு குத்துப்பாட்டைச் சொன்னாள். ஒருநாள் தனியாக வந்தபோது மேலே குரங்குகள் தொண்டை கிழியக் கத்தின. அப்படியே நின்று, கையைத் தட்டி, திரும்பி ஓடாமல் பின்பக்கமாகவே அடி வைத்துத் தபேலா வரை போய், அங்கிருந்த வடநாட்டு பையாக்கள் இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வீடு வந்தாளாம். பார்த்தாயா என்று கேட்டேன். “இல்ல. குரங்கு பார்த்துச்சு.”

பாடாவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு குடிசைப் பகுதி. தகரக் கூரைகளுக்கு நடுவே ஒரு வாசலில் கோலம் கண்ணில் பட்டது. தமிழில் குரல் கொடுத்தேன். ஐம்பது வயது இருக்கும், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். “தாராவியாண்ணே? உள்ள வாங்க. இவுக யாரு, மராத்தியா? சாயா குடிப்பாரா?” வீட்டுக்காரர் திரைப்பட நகரத்தில் செட் போடும் தச்சு வேலை. இவர் இரண்டு பிளாட்டில் பாத்திரம் தேய்க்கிறார். பிறந்தது செம்பூர்ப் பக்கம் சீட்டா கேம்ப். 1976இல் அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியை இடித்தபோது லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்களே, அந்த சீட்டா கேம்ப். அவருடைய அப்பா அம்மா அந்த லாரியில் வந்தவர்கள். “பொறந்தது சீட்டா கேம்ப்பு, வாக்கப்பட்டது சீட்டாகிட்டயே” என்று அவரே சிரித்தார்.

அவர் வீட்டு நாய் போன கதையைச் சொன்னார். வாசலில் சங்கிலியில் கட்டியிருந்தது. ராத்திரி ஒரு தடவை வள் என்றது, அப்புறம் சத்தமே இல்லை. காலையில் பார்த்தால் சங்கிலி அப்படியே இருக்கிறது, நுனியில் கழுத்துப் பட்டை, பட்டையில் முடி. “நாய் கொலச்சுக்கிட்டே இருந்தா நான் நல்லாத் தூங்குவேன். நிறுத்துச்சுன்னா எந்திரிச்சு உக்காந்துருவேன்.” அதற்கப்புறம் நாய் வளர்க்கவில்லை. நாய் இருந்தால் அதைத் தேடி வரும் என்று பூங்காவிலிருந்து வந்தவர்கள் சொன்னார்களாம்.

எங்கே பயம் என்று கேட்டேன். வெளியே கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை, கொஞ்ச தூரத்தில் பொதுக் கழிப்பறை. பாதையின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் புல். நடுவில் விளக்குக் கம்பம். பல்பு இருந்த இடத்தில் உடைந்த ஹோல்டர் தொங்கியது. கழிப்பறையில் பெண்கள் பக்கம் மூன்று கதவு, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கயிறு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மாலை ஆறு மணிக்கு மேல் நின்றுவிடும். கதவு கிடைக்காதவர்கள், தண்ணீர் இல்லாதவர்கள், அவசரம் தாங்காத குழந்தைகள் எல்லோரும் அந்தப் புல்லுக்குத்தான் போக வேண்டும். தாராவியில் இதைவிட நீண்ட வரிசையில் வாளியோடு நின்று வளர்ந்தவன் நான். எங்களுக்கு வரிசையில் நிற்பது மானக்கேடு. இவர்களுக்கு அது உயிர் போகிற விஷயம்.

2021 செப்டம்பரிலிருந்து ஆரேயில் தாக்குதல்கள் அடுத்தடுத்து நடந்தன. ஊன்றுகோலோடு வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்த ஒரு மூதாட்டியின்மேல் பின்னாலிருந்து சிறுத்தை பாய்ந்ததும், அவர் விழுந்தபடியே கோலால் அடித்து விரட்டியதும் கேமராவில் பதிந்து நாடு முழுக்க ஓடியது. அவர் பிழைத்தார். அடுத்த வருஷம் தீபாவளியன்று, 2022 அக்டோபர் 24 விடியற்காலை, ஒன்றரை வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை பிழைக்கவில்லை. கோயிலுக்குப் போக அம்மா வாசலில் இறங்கினார், குழந்தை பின்னாலேயே தத்தித் தத்தி வந்தது. எனக்குப் பாதையைக் காட்டிய அம்மாவுக்கு அந்த இடம் தெரியும். அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தவில்லை, வேகமாகச் சொல்லி முடித்தார்.

நம் ஊரிலும் இதே கணக்குத்தான். 2024 ஜனவரியில் பந்தலூரில் சிறுத்தை கொன்றது ஜார்க்கண்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த தம்பதியின் குழந்தை. 2025 ஜூனில் வால்பாறை பச்சைமலை எஸ்டேட்டில் தூக்கிப்போனதும் ஜார்க்கண்ட் குடும்பத்துச் சிறுமியைத்தான். எஸ்டேட் லைன் வீட்டுக்கும் தேயிலைப் புதருக்கும் நடுவே முற்றம் அளவு இடம். துரை பங்களாவுக்குச் சுற்றிலும் வெட்டிய புல்வெளி, வாசல் வரை விளக்கு. சிறுத்தை யார் என்று பார்த்துத் தாக்குவதில்லை. எந்தப் பிள்ளை இருட்டில், தரையில், புதருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

ஆரேயில் இது இன்னும் சிக்கல். மெட்ரோ சண்டைக்குப் பிறகு காலனியின் ஒரு பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம்தான், நானும் கைதட்டினேன். அந்த அம்மா சொல்வது வேறு. நிலம் ஒருத்தருடையது, கம்பம் இன்னொருத்தருடையது, கம்பத்துக்கு மின்சாரம் மூன்றாவது ஆளுடையது. பக்காவாகக் கழிப்பறை கட்டக் கேட்டால் இது காடு என்று ஓர் அலுவலகத்தில் சொல்கிறார்களாம், காலனி என்று இன்னொன்றில். கோரேகாவிலிருந்து முலுண்டுக்குப் பூங்காவின் அடியிலேயே 4.7 கிலோமீட்டர் இரட்டைச் சுரங்கம் போக 2024இல் பூமி பூஜை நடந்துவிட்டது. அதற்கு யாருடைய நிலம் என்ற சந்தேகம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

ஆறு மணிக்கு இருட்ட ஆரம்பித்தது. அடுக்குமாடிகளில் வரிசையாக விளக்கு ஏறியது. பாதையில் பெண்கள் கழிப்பறைக்குக் கிளம்பினார்கள், நாலு பேர் ஐந்து பேராக. ஒருத்தி கையில் டார்ச், இன்னொருத்தி கையில் தகர டப்பாவும் கரண்டியும். தட்டிக்கொண்டே போனார்கள். நடுவே சின்னப் பிள்ளைகள், முன்னாலும் பின்னாலும் பெரியவர்கள். யாரும் சொல்லாமலே அந்த வரிசை அமைந்தது. இளைஞர் என்னிடம் மெதுவாக, “நாங்க பயிற்சி வகுப்புல சொல்லிக்குடுக்கிறதுக்கு முன்னாடியே இவங்க இதைச் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க” என்றார்.

நாங்கள் கிளம்பும்போது அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பையனின் கணக்கு நோட்டு, கடைசித் தாள் காலி. “எழுதுற வேலைதானே பாக்குறீங்க. பல்பு போடச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்கண்ணே. இங்கிலீஷ்ல எழுதுனாத்தான் வாங்குறாக.” திண்ணையில் உட்கார்ந்தேன். கம்பத்தின் எண்ணை டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னார்கள். பொருள், ஐயா, வணக்கம் எல்லாம் எழுதி, ‘இப்பகுதியில் சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் உயிருக்கு ஆபத்து’ என்று ஒரு வரி சேர்த்து, தமிழில் படித்துக் காட்டினேன்.

“அந்த வரிய அடிச்சிருங்க” என்றார்.

ஏன் என்றேன்.

“புலின்னு எழுதுனா கூண்டு கொண்டாருவாக. டிவிக்காரன் வருவான். இருக்கிறதப் புடிச்சுட்டுப் போனா வேற ஒண்ணு வரும், அது எப்பிடியோ என்னவோ. இதுக்கு எங்க தெரு தெரியும். பல்புன்னு மட்டும் எழுதுங்க, தாப்பாள்னு எழுதுங்க, தண்ணி ஒம்பது மணி வரைக்கும் வேணும்னு எழுதுங்க.”

அடித்துவிட்டு அந்த மூன்றையும் எண் போட்டு எழுதினேன். கீழே கையெழுத்துப் போட ஆஜியின் பேத்தியையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள்.